மார்க்கு வருகிறது, அர்த்தம் வருகிறதா?

(தொழிலாளர் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பின் ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில், வகுப்பை நடத்தும் தோழர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



பகல் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடவு முடித்து, காலில் சேறு காயாமல் வந்திருக்கும் தோழர்களையும் பார்க்கிறோம். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. கூலி உயர்வு பற்றியோ போனஸ் பற்றியோ இன்று பேச்சில்லை. நம் பிள்ளைகள் பிளஸ் டூ வகுப்பில் எழுதும் ஆங்கிலப் பரீட்சையைப் பற்றிப் பேசப் போகிறோம். "அது வாத்தியார்கள் விவகாரம், நமக்கு என்ன வந்தது?" என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விவகாரத்தில் கடன் வாங்கிப் பணம் கட்டுவது நீங்கள். ஏமாறுவதும் நீங்கள்தான்.

சென்ற வருஷம் நடந்ததைச் சொல்கிறோம். நம் சங்கத்துத் தோழர் ஒருவர். ஸ்பின்னிங்கில் இருபது வருஷ சர்வீஸ். அவருடைய மகள் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, பிளஸ் டூ பாஸ் செய்து, இஞ்சினீயரிங் காலேஜில் சேர்ந்தாள். ஆங்கிலத்தில் நல்ல மார்க்கு. தெருவே சந்தோஷப்பட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தப் பெண் இந்தக் கட்டடத்துக்கு வந்தாள். கையில் தடிப் புத்தகம். "மாமா, வாசிச்சா வாயில வருது, மனசுல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றாள். "எங்கே, வாசி பார்க்கலாம் தாயி" என்றோம். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வாசித்தாள். ஒரு எழுத்துத் தப்பில்லை. "என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டாள்.

பௌதிகப் புத்தகம் அது. அந்தப் பக்கத்தில் 'ஸ்ட்ரெஸ்', 'ஸ்ட்ரெயின்' என்ற இரண்டு வார்த்தைகள் வரிக்கு வரி வந்தன. ஸ்ட்ரெஸ் என்றால் மனக்கவலை என்று அவள் எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறாள். இரும்புக் கம்பிக்கு மனக்கவலை எப்படி வரும் என்று குழம்பிப் போயிருக்கிறாள். "அம்மா, பிளஸ் ஒன்னில் தகைவு, திரிபு என்று படித்தாயே, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டோம். உடனே தகைவு என்றால் இன்னது, திரிபு என்றால் இன்னது, இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் இன்னது என்று ஒப்பித்தாள். ஒப்பித்தாள் என்பதுகூடச் சரியில்லை, விளக்கினாள். நூலை எவ்வளவு இழுத்தால் அறும் என்று அப்பா சொல்லக் கேட்டதையும் சேர்த்து விளக்கினாள். "அதேதான் இது" என்றோம். பாவம், அழுதுவிட்டாள். தன் வீட்டுச் சாமானையே பூட்டிய பெட்டிக்குள் வைத்துக் கொடுத்து, "உனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

இவள் மக்கு இல்லை. சோம்பேறியும் இல்லை. அப்படியானால் ஆங்கிலத்தில் வாங்கிய நல்ல மார்க்குக்கு என்ன அர்த்தம்? அந்தப் பரீட்சை எதைச் சோதித்தது?

ஒரு வேடிக்கை செய்து பார்ப்போம். மூன்று வரி சொல்கிறோம், கவனமாகக் கேளுங்கள்.

"நெட்டலன் விடியலில் மூசரைக் கிழுப்பினான். மூசர் பொமிந்துவிட்டபடியால் அவன் தொகட்டிக்கு நடந்தான். தொகட்டியில் மூன்று மிச்சலிகள் இருந்தன."

இப்போது கேள்வி. நெட்டலன் எதைக் கிழுப்பினான்? மூசரை! சரியான விடை. அவன் ஏன் தொகட்டிக்கு நடந்தான்? மூசர் பொமிந்துவிட்டபடியால்! ரொம்பச் சரி. தொகட்டியில் எத்தனை மிச்சலிகள்? மூன்று! முழு மார்க்கு. சரி தோழர்களே, மூசர் என்றால் என்ன? தின்பதா, உடுத்துவதா? (சிரிப்பு.) எங்களுக்கும் தெரியாது. மூன்று வரியும் நாங்கள் கட்டிவிட்ட பொய் வார்த்தைகள். ஆனால் நீங்கள் எல்லோரும் பாஸ்!

சிரித்துவிட்டோம். ஆனால் வருஷா வருஷம் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை எழுதுவது பெரும்பாலும் இந்த வகையில்தான் நடக்கிறது. கேள்வியில் உள்ள வார்த்தை பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துத் தேட வேண்டியது. கண்டுபிடித்ததும் அந்த வரியை அப்படியே பெயர்த்து விடைத்தாளில் இறக்க வேண்டியது. 'ஒய்' என்று கேள்வி ஆரம்பித்தால் 'பிகாஸ்' இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டியது. டியூஷன்காரர்கள் இதையே ஒரு வித்தையாகச் சொல்லிக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அந்த வித்தை போதும் என்கிறபோது பிள்ளை வேறு என்ன செய்யும்?

வினாத்தாளில் மற்றப் பகுதியோ இதைவிட மோசம். முன்பு ஆங்கிலம் இரண்டு தாளாக இருந்தது. 2018-19 முதல் ஒரே தாள் ஆகிவிட்டது. எழுத்துப் பரீட்சைக்கு 90 மார்க்கு, பள்ளியிலேயே போடுவது 10. அந்த 90-ல் பெரும்பங்கு பாடப்புத்தகத்துக்குள்ளேயே சுற்றுகிறது. புத்தகத்துக்குக் கைடு உண்டு. கைடை மனப்பாடம் செய்தால் பாட்டுக்கும் விடை வரும், கதைக்கும் விடை வரும். பாஸ் ஆக வேண்டியது 35. பிள்ளை ஒரு பக்கத்தைக்கூடத் தானாகப் படித்துப் புரிந்துகொள்ளாமலே இந்த 35-ஐத் தாண்டிவிடலாம். 2024-ம் வருஷம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்ச்சி 94.56 சதவீதம். நம் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வருவது பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச மாட்டோம். எத்தனையோ போராட்டத்துக்குப் பிறகு திறந்த கதவு அது. ஆனால் பாஸ் ஆன பிள்ளையின் கையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைக் கொடுத்து விஷயத்தைச் சொல்லச் சொன்னால் எத்தனை பேர் சொல்வார்கள்?

இதைக் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 'அசர்' என்ற பெயரில் நடக்கும் கல்வி ஆய்வு 2023-ல் 14 வயது முதல் 18 வயது வரையுள்ளவர்களை எடுத்துக்கொண்டது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்கள், 34,745 பேர். "நேரம் என்ன?" என்பது போன்ற எளிய ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அப்படி வாசித்தவர்களிலும் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத்தான் அர்த்தம் சொல்லத் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு நாற்பது பேர் சுமார்! இது இந்தியாவின் கிராமப்புறக் கணக்கு, நம் மாநிலத்துக்கு மட்டுமானது அல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். வாசிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். பெரிய பரீட்சை அதைப் பார்ப்பதில்லை.

புரிந்துகொள்வது என்பது என்ன? சற்று முன்னால் நாம் விளையாடிய விளையாட்டையே விஞ்ஞான முறைப்படி நடத்திப் பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழியியல் அறிஞரும் ஹு என்ற ஆய்வாளரும் 2000-ம் வருஷம் வெளியிட்ட ஆய்வு அது. ஆங்கிலக் கதை ஒன்றை எடுத்து, சில வார்த்தைகளுக்குப் பதிலாகப் பொய் வார்த்தைகளைப் போட்டு, ஆங்கிலம் கற்கும் மாணவர்களிடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 20 வார்த்தை தெரியாமல் போனபோது ஒருவருக்கும் கதை சரியாகப் புரியவில்லை. 10 தெரியாமல் போனால் ஒரு சிலர் தட்டித் தடவிப் புரிந்துகொண்டார்கள். தங்குதடையின்றிப் புரிய வேண்டுமானால் நூற்றுக்கு 98 வார்த்தை தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். நூறில் 98! ஐந்து வரிக்கு ஒரு வார்த்தைதான் புதிதாக இருக்கலாம். நம் பிள்ளையின் காலேஜ் புத்தகத்தில் வரிக்கு மூன்று புதிது. அதைப் படித்துப் புரிந்துகொள் என்பது, கையைக் கட்டிவிட்டு அறுந்த இழையை ஒட்டு என்பது போலத்தான்.

வார்த்தை மட்டும் போதுமா? அதுவும் போதாது. 1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு பேர் 64 பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள். நன்றாக வாசிப்பவர்கள் ஒரு பாதி, வாசிப்பில் பின்தங்கியவர்கள் மறு பாதி. கொடுத்த பத்தி பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றியது. அது அங்கே நம் ஊர்க் கபடி மாதிரி. முடிவு என்ன ஆயிற்று தெரியுமா? மட்டமாக வாசிப்பான் என்று பெயர் வாங்கிய பையன், ஆட்டம் தெரிந்தவனாக இருந்தால், ஆட்டம் தெரியாத கெட்டிக்காரப் பையனைவிட அதிகமாகப் புரிந்துகொண்டான்.

இதில் நமக்குப் பெரிய விஷயம் இருக்கிறது. பத்தி எதைப் பற்றியது என்பதிலேயே பாதிப் பரீட்சை முடிந்துவிடுகிறது! விமானப் பயணத்தைப் பற்றி, பங்குச் சந்தையைப் பற்றி, மலைவாசஸ்தலத்தில் விடுமுறை கழித்ததைப் பற்றிப் பத்தி வந்தால், எந்த வீட்டுப் பிள்ளைக்கு அது அரைகுறையாகவாவது முன்பே தெரியும்? மடை திறப்பதைப் பற்றியும், நாற்றுப் பறிப்பதைப் பற்றியும், கோன் கட்டுவதைப் பற்றியும் பத்தி வந்தால் யார் முழிப்பார்கள்? பாரபட்சம் வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சதி செய்தார்கள் என்று சொல்லவில்லை. கேள்வி தயாரிப்பவர் தம் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த உலகத்தை எழுதுகிறார். நம் வீட்டு ஜன்னல் வேறு பக்கம் இருக்கிறது.

இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இஸ்ரேல் நாட்டில் எலானா ஷொஹாமி என்ற பெண்மணி 1984-ல் வெளியிட்டது. அந்த நாட்டு சர்க்காரைப் பற்றி நம் அபிப்பிராயம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆய்வு ஆய்வுதான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஆங்கிலம் அவர்களுக்கும் அந்நிய மொழி. ஆங்கிலப் பத்தியைக் கொடுத்தார். சிலருக்குக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். சிலருக்கு அதே கேள்வியை அவர்களுடைய தாய்மொழியான ஹீப்ருவில் கேட்டார். பத்தி ஒன்றுதான், மாற்றமில்லை. தாய்மொழியில் கேட்டபோது பிள்ளைகள் கூடுதலாக மார்க்கு வாங்கினார்கள். அதிலும் யாருக்கு வித்தியாசம் அதிகம்? ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களுக்கு!

இதன் பொருள் என்ன? பத்தி புரிந்திருக்கிறது, கேள்வி புரியவில்லை. அல்லது கேள்வியும் புரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் விடை எழுத வரவில்லை. ஆனால் பரீட்சைத் தாளில் விழுவது ஒரே முட்டை. அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று எழுதி மூடிவிடுகிறார்கள். படித்துப் புரிந்துகொள்வது ஒரு திறமை, எழுதுவது இன்னொரு திறமை. நெல் அளக்கும் மரக்காலைக் கொண்டு துணியை அளக்க முடியுமா? "தமிழில் விடை எழுதவிட்டால் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதக் கற்க மாட்டார்களே!" என்று சில நல்ல உபாத்தியாயர்களே எங்களிடம் கேட்டார்கள். எழுதுவதைத் தனியாகச் சோதியுங்கள், தனியாக மார்க்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? புரிந்ததா என்று பார்க்கும் இடத்தில் புரிந்ததா என்று மட்டும் பாருங்கள். வரியைப் பெயர்த்து எழுதும் வித்தையும் அத்தோடு ஒழியும். தமிழில் விடை சொல்ல வேண்டுமென்றால், புரியாமல் எப்படிச் சொல்ல முடியும்?

மில்லில் நூலைச் சோதிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். 120 கெஜம் சுற்றி எடுத்து, நிறுத்துக் கவுண்டு பார்க்கிறார்கள், இழுத்துப் பலம் பார்க்கிறார்கள். பலம் குறைந்தால் நூலையா திட்டுகிறார்கள்? பஞ்சு என்ன, மெஷின் என்ன, முறுக்கு எவ்வளவு என்று பின்னால் போய்த் தேடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் நூலைத் திட்டுகிறோம். பன்னிரண்டு வருஷம் முடிந்த பிறகு சோதித்து, பலமில்லை என்று கண்டுபிடித்தால், யாருக்கு என்ன பிரயோஜனம்?

இந்தச் சோதனைக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. 1835-ல் மெக்காலே தம்முடைய குறிப்பை எழுதியபோது, நாட்டு மக்கள் எல்லோருக்கும் கல்வி கொடுப்பது அவருடைய எண்ணமில்லை. ஆள்பவர்களுக்கும் ஆளப்படுபவர்களுக்கும் நடுவே நின்று சேதி சொல்ல ஒரு சின்னக் கூட்டம் வேண்டியிருந்தது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததும், ஆங்கிலப் பரீட்சை அந்தக் கூட்டத்தைப் பொறுக்கி எடுக்கும் சல்லடை ஆயிற்று. சல்லடையின் வேலை கற்பிப்பது இல்லை, கழிப்பது. வெள்ளைக்காரன் போய்விட்டான், சல்லடை போகவில்லை. இன்றைக்கும் தேசிய சட்டக் கல்லூரிகளுக்கான 'கிளாட்' நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. நீளநீளமான பத்திகளைக் கொடுத்து மளமளவென்று விடை கேட்கிறார்கள். தொழிலாளிக்காக வாதாடக்கூடிய வக்கீல் தொழிலாளி வீட்டிலிருந்து வருவதற்கு முன்னால் அந்தப் பத்திகள் வாசலில் நிற்கின்றன.

இதைச் சொன்னால் இரண்டு விதமான ஆட்கள் கிளம்பி வருவார்கள். "அதனால் ஆங்கிலமே வேண்டாம்" என்று மேடையில் முழங்குவார் ஒருவர். அவருடைய பேரப்பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று மட்டும் விசாரியுங்கள். "எல்கேஜி முதல் இங்கிலீஷ் மீடியத்தில் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். அதை நம்பி, பெண்டாட்டியின் கம்மலை அடகு வைத்து, ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்த தோழர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார். பையனுக்கு ஆங்கிலத்தில் பூகோளம் ஒப்பிக்கத் தெரிகிறது. ஆறு எது, ஏரி எது என்று அதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மொழியிலும் நொண்டுகிறான். 1968 முதல் தமிழும் ஆங்கிலமும் என்பது இந்த மாநிலத்தின் கொள்கை. நாங்கள் அதற்கு எதிரி இல்லை. பாடத்தைத் தமிழில் படிக்கட்டும், ஆங்கிலத்தை ஒரு மொழியாக ஒழுங்காகப் படிக்கட்டும் என்கிறோம். ஒழுங்காக என்பதில்தான் சண்டை.

ஏன் இப்போது அவசரம்? 2021-ல் வந்த சட்டப்படி இஞ்சினீயரிங், விவசாயம், சட்டம் போன்ற படிப்புகளில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷமே டாக்டர் படிப்புக்கு ஒதுக்கினார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். இத்தனை காலம் வாசலில் நின்ற பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். ஆனால் உள்ளே போனதும் கையில் கொடுக்கும் புத்தகம் ஆங்கிலம். 2010-லேயே அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் ஆரம்பித்தார்கள். அது விரிந்து பரவியிருந்தால் அந்தப் பெண் இங்கே வந்து அழுதிருக்க மாட்டாள். இடம் கொடுத்துவிட்டுப் படிக்க வழி கொடுக்காவிட்டால், முதல் வருஷத்திலேயே அரியர் விழுந்து பிள்ளை திரும்பி வரும். "பார்த்தீர்களா, இவர்களுக்கு எட்டாது" என்று சொல்ல ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

ஆகவே சர்க்காரிடம் நாங்கள் கேட்பது இது. பத்திப் பகுதியில் கேள்வியைத் தமிழிலும் கொடுக்க வேண்டும், தமிழில் விடை எழுதவும் அனுமதிக்க வேண்டும். வரியைப் பெயர்த்து எழுதினால் மார்க்குக் கிடைக்கும் கேள்விகளை நிறுத்த வேண்டும். ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பத்து நிமிஷச் சோதனை நடத்தி, யாருக்கு எங்கே இடறுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்கு மார்க்கும் வேண்டாம், ராங்கும் வேண்டாம். காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். நூலகப் பீரியடில் கணக்குப் பாடம் நடத்துவதை நிறுத்த வேண்டும். காலேஜ் முதல் வருஷத்துக்குத் தகைவு என்றால் ஸ்ட்ரெஸ் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்ட இருமொழிப் புத்தகம் வேண்டும்.

சர்க்கார் கொடுக்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. "எனக்கே ஆங்கிலம் தெரியாது, நான் எப்படிப் பிள்ளையைச் சோதிப்பேன்?" என்று கேட்கும் தாய்மார்களே, உங்களால் முடியும்! வயலுக்கு வாங்கும் பூச்சிமருந்தோடு மடித்த தாள் ஒன்று வருமே, பல மொழியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்குமே, அதை எடுங்கள். தமிழ்ப் பக்கத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, ஆங்கிலப் பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். வாசிக்கச் சொல்லாதீர்கள். மனதுக்குள் படித்துவிட்டு, என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு, "மருந்து அடிக்கும்போது ஏன் மூக்கை மூடச் சொல்கிறான்? மிச்சத்தை ஏன் வாய்க்காலில் கொட்டாதே என்கிறான்?" என்று கேளுங்கள். விடை அந்தத் தாளில் வரியாக இருக்காது. புரிந்திருந்தால்தான் வரும். தப்பாகச் சொன்னால் திட்ட வேண்டாம். எந்த வார்த்தை இடறியது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மில் தோழர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. என்ன பிடித்தம், எதற்குப் பிடித்தம் என்று மகனோ மகளோ படித்துச் சொல்லட்டும். உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு!

நம் வகுப்பு இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் ஆரம்பம். கட்டணம் கிடையாது. பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் வரலாம். காலேஜ் முதல் வருஷத்துப் பிள்ளைகளும் வரலாம். சொன்னேனே, அந்தப் பெண், அவள் இப்போது இரண்டாம் வருஷம். முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக் கொடுக்கப் போகிறாள். வரும்போது மார்க்கு அட்டை கொண்டுவர வேண்டாம். திருத்திய விடைத்தாள் ஒன்றும், நூறு பக்க நோட்டு ஒன்றும் போதும். ராத்திரி ஷிப்டுத் தோழர்கள் பெயரை வாசலில் இருக்கும் தோழரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம், நேரமாகிவிட்டது.